முட்டுச்சந்தில் ஓடிய தண்ணீர்

அய்யாக்கண்ணு அண்ணன்தான் எங்கள் ஆட்களை ஜப்பான்காரனுக்குக் காட்டிக் கொடுத்தார் என்று பினாங்குத் தீவில், எங்கள் சுங்கை பினாங்கில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. நான் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். அவர் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுவிட்டு யாரைத் திட்டுவது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

அவர் முனிசிபலில் சந்து கூட்டுகிறவர். குட்டையான ஆள். கழுத்தே இல்லாத மாதிரித் தோள் ஏறியிருக்கும். இடது காலில் இரண்டு விரல் கிடையாது, சுவர் விழுந்து போய்விட்டது. பெண்சாதி செத்த பிறகு எங்கள் வரிசையின் கடைசி வீட்டில், பின்னறையில் தனியாக இருந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் சந்துகளைப் பற்றித்தான் பேசுவார்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஊரில் பாதி இடத்துக்குப் பின்சந்தே கிடையாதாம். வீடும் வீடும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நிற்கும். கக்கூஸ் வாளியை எடுக்க வருகிறவன் முன்வாசலில் நுழைந்து, சாமி படத்தையும் சோற்றுப் பானையையும் தாண்டிப் பின்னால் போய், அதே வழியாக நிறைவாளியோடு திரும்ப வேண்டும். வந்த விருந்தாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு முனிசிபல் முழித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வீடுகளின் பின்புறத்தை ஐந்தடி, ஆறடி என்று வெட்டி, நடுவில் சந்து திறந்தது. சுவரை இடித்த கூட்டத்தில் அண்ணனும் ஒருத்தர். கால் விரல் போனது அதில்தான். இடிக்கும்போது வீட்டுக்காரர்கள் சாபம் கொடுத்தார்களாம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எல்லோரும் பின்பக்கம் ஒரு கதவு வைத்திருந்தார்கள். பெண்கள் அந்தக் கதவில் நின்று பேசினார்கள். பசாருக்குப் போகிறவர்கள் பெரிய ரோட்டைச் சுற்றாமல் சந்துக்குச் சந்து புகுந்து போனார்கள். ஓர் இடத்துக்குப் போக எத்தனை வழி இருக்கிறது என்பதை வைத்துத்தான் அவர் ஊரை அளப்பார். எங்கள் வரிசைக்கு இரண்டே வழிதான், இது இன்னும் ஊராகவில்லை என்று கேலி செய்வார்.

அந்தக் கேலி நியாயமானதுதான். எங்கள் பின்சந்து ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் ஒரு கொப்பரைக் கிடங்கின் சுவரில் முட்டி நிற்கும். கிடங்குக்கு அந்தப் பக்கம் வேறொரு சந்து இருந்தது, அது பெரிய ரோட்டுக்குப் போகும். நமக்கு அது இல்லாத மாதிரிதான்.

ஜப்பான்காரன் விமானம் வந்தது கார்த்திகை மாதத்தில். டவுனில் விழுந்த குண்டில் எத்தனை பேர் செத்தார்கள் என்று யாரும் எண்ணி முடிக்கவில்லை. ஒரு குண்டு தவறி எங்கள் பக்கம் வந்து அந்தக் கிடங்கின் மேல் விழுந்தது. கொப்பரை இரண்டு நாள் எரிந்தது. அணைந்த பிறகு பார்த்தால் சுவரும் இல்லை, கூரையும் இல்லை, ஒரு பெரிய பள்ளமும் செங்கல் குவியலும்தான். அய்யாக்கண்ணு அண்ணன் யாரும் சொல்லாமலே செங்கலை ஒதுக்க ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் அர்ஜுனன் கூடப் போனார். அவர் துறைமுகத்தில் தொங்கான் படகில் சரக்கு ஏற்றுகிறவர், அப்போது வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். நான்கு நாளில் பள்ளத்தின் ஓரமாக ஓர் ஆள் போகிற அளவுக்குப் பாதை வந்துவிட்டது. எங்கள் சந்து அந்தச் சந்தோடு சேர்ந்துவிட்டது.

முனிசிபலில் ஊர்ப் படம் வரைகிற இடத்தில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, கார்த்திகேசு என்று ஒரு யாழ்ப்பாணத்தார் இருந்தார். நல்ல மனிதர். சம்பளம் வாங்கப் போன அண்ணனை அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாராம்:

"உந்த ஒழுங்கை படத்தில முட்டாத்தான் கிடக்கு. நான் திருத்திக் கீறப் போறதில்லை. நீரும் வாய் திறவாதையும்."

எங்கள் பின்சந்தைத்தான் ஒழுங்கை என்றார், படத்தில் அது முட்டுச்சந்தாகவே இருக்கிறது என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அப்போது எங்களுக்குப் புரியவில்லை. புரிய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அதற்குள் ஊரே சுருங்கிப் போனது. முச்சந்திக்கு முச்சந்தி முள்கம்பி. காவல்காரன் முன்னால் இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும், வளைவு போதாவிட்டால் அறை. அரிசி கண்ணில் படாது, மரவள்ளிக்கிழங்குதான். ஆட்கள் பெரிய ரோட்டை விட்டுவிட்டுச் சந்துகளிலேயே நடந்தார்கள். ஜப்பான்காரன் அதையும் பார்த்துவிட்டு, சந்து வாய்களில் தார்ப்பீப்பாயை உருட்டி வைத்து அடைத்துக்கொண்டே வந்தான். அண்ணன் முப்பது வருடமாகத் திறந்ததை ஒவ்வொன்றாக மூடினான்.

பிறகு சயாம் வந்தது. சயாமில், இப்போது தாய்லாந்து என்கிறார்களே, அங்கே ரயில் ரோடு போட ஆள் வேண்டும் என்றார்கள். முதலில் நயமாகக் கேட்டார்கள், மூன்று மாதம், சோறு, கூலி என்று. நம்பிப் போனவர்களிடமிருந்து ஒரு துண்டுக் கடிதம் வரவில்லை. அதன் பிறகு யாரும் போகவில்லை என்றதும், கேட்பதை விட்டுவிட்டுப் பிடிக்க ஆரம்பித்தார்கள். தமிழ் ஆட்கள் இருக்கிற வரிசையாகப் பார்த்து லோரி வரும். முன் ரோட்டில் ஒன்று, பின்சந்து வாயில் ஒன்று. இருக்கிற ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போவார்கள். முனிசிபல்காரர்களை மட்டும் தொடமாட்டார்கள், அவர்கள் கையில் எழுத்துப் போட்ட ஒரு துணிப்பட்டை கட்டியிருக்கும். ஊர் நாறாமல் இருக்க அவர்கள் வேண்டுமே.

எங்கள் வரிசைக்கு முதல் தடவை லோரி வந்தபோது ஆண்கள் எல்லோரும் பள்ளத்தின் ஓரப் பாதையில் நழுவி அந்தப் பக்கச் சந்துக்குப் போய்விட்டார்கள். பாதைக்கு முன்னால் அண்ணன் ஒரு பெரிய தகரத்தைச் சாய்த்து வைத்திருந்தார். தகரத்துக்கு முன்னால் குப்பை. சும்மா குப்பை இல்லை, வேலை போகிற இடத்திலிருந்து மீன் செதிலையும் அழுகின கிழங்குத் தோலையும் பொறுக்கி வந்து தானே கொட்டி வைத்த குப்பை. பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, அதுவும் சேர்ந்து நாறும். ஜப்பான் சிப்பாய் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியிலேயே திரும்பிவிட்டான். அவன் கையில் வைத்திருந்த படத்திலும் அது முட்டுச்சந்துதான். கிழவர்களையும் எங்களையும் முறைத்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு எங்கள் வரிசையில் கிழங்குகூட இனித்தது.

இனிமேல் சொல்வது என்னைப் பற்றியது.

மழை மாதம் வந்தது. பள்ளத்துத் தண்ணீர் நிரம்பி, சந்து முழுக்க ஏறி, என் பின்வாசல் படி வரை நின்றது. பச்சையாக, புழுவோடு. கொசு மேகம் மாதிரி வந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. காய்ச்சல் கண்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் உடம்பு தூக்கிப் போட்டது. அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற கொயினா மாத்திரை எங்கேயும் இல்லை. மூன்றாம் வீட்டில் ஒரு குழந்தை அதே காய்ச்சலில் செத்து, புதைத்துவிட்டு வந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நான் அய்யாக்கண்ணு அண்ணனிடம் போய் நின்றேன். தண்ணீரை வெட்டி அந்தப் பக்கச் சாக்கடைக்கு விடச் சொன்னேன்.

"வேணாம் தங்கச்சி. நாறட்டும். அந்த நாத்தந்தான் நமக்கு ஜாகா."

ஜாகா என்றால் காவல்காரன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. அன்றைக்கு மட்டும் இல்லை, அடுத்த நாளும் போனேன், அதற்கு அடுத்த நாளும் போனேன். நான் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன், அது என் பிறவிக் குணம். மூன்றாம் நாள் அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்துப் போய்ச் சொன்னேன்:

"முப்பது வருசமா கண்டவன் வீட்டுத் தண்ணியெல்லாம் ஓட வெச்சியே அண்ணே, நம்ம வீட்டுத் தண்ணிக்கு மட்டும் உனக்குக் கை வராதா? இல்ல, சம்பளம் குடுத்தாத்தான் வருமா?"

அவர் கிழங்கைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த நாள் விடிகாலையில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

அரைகுறையாக ஒரு கீறல் கீறிவிட்டிருக்கலாம். அந்த மனிதருக்கு அப்படிச் செய்யத் தெரியாது. பள்ளத்தின் ஓரமாக ஒரு முழ அகலத்தில் வெட்டி, இரண்டு பக்கமும் செங்கல் பதித்து, சரிவு பார்த்து, தகரத்துக்கு அடியில் புகுத்தி, அந்தப் பக்கச் சாக்கடையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். துரை வந்து பார்த்துக் கையெழுத்துப் போடப் போகிற வேலை மாதிரிச் செய்தார். இரண்டே நாளில் சந்து காய்ந்தது. அர்ஜுனன், அண்ணன் ஆறு வெட்டியிருக்கிறார், இனிமேல் நான் தொங்கானிலேயே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று சொல்லிச் சிரித்தார். தகரத்தைப் பழையபடி சாய்த்து, குப்பையையும் கொஞ்சம் அள்ளிப் போட்டார்கள். பார்வைக்கு முட்டுச்சந்துதான்.

என் மகளுக்குக் காய்ச்சல் விட்டது. தண்ணீர் போனதால் விட்டதா, விடுகிற நேரம் வந்து விட்டதா, எனக்குத் தெரியாது. பிழைத்தாள். அதை நான் யாருக்காகவும் இல்லை என்று சொல்லமாட்டேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, வீட்டுக்கு எத்தனை தலை என்று கணக்கெடுக்க இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். ஆண்கள் அதற்குள் நழுவிவிட்டார்கள். நான் பின்வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தேன். இருவரில் ஒருவன் சின்னப் பையன் மாதிரி, வயலில் வேலை பார்த்த கை. சாக்கடை ஓரத்தில் குந்தி உட்கார்ந்து சிகரெட் குடித்தான். துண்டைத் தண்ணீரில் போட்டான். அது மெதுவாகப் போய்த் தகரத்துக்கு அடியில் நுழைந்து மறைந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பையிலிருந்து ஒரு காகிதத்தைக் கிழித்துப் போட்டான். அதுவும் போனது. எழுந்து தகரத்தைப் பார்த்தான். கிட்டே போகவில்லை, தொடவில்லை. கூட இருந்தவனிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள்.

முட்டுச்சந்தில் தண்ணீர் ஓடாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவர்கள் தலை மறைந்ததும் அண்ணனைத் தேடி ஓடினேன். சொன்னதும் அவர் முகம் சாம்பல் பூத்துப் போனது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக எங்கள் பக்கத்து வீட்டு மஹ்பூபாவிடம் போனார். அவள் என் வயதுக்காரி, தன் தம்பியோடு இருந்தாள். அவள் வீட்டுப் பக்கச் சுவருக்கு அந்தப் புறம் வேறு வரிசை. அந்தச் சுவரை உடைத்தால் புதிதாக ஒரு வழி கிடைக்கும், இரண்டு நாள் வேண்டும் என்றார். அவள், உடை அண்ணே என்றாள். சத்தம் வெளியே கேட்காமல் உளியில் துணியைச் சுற்றிக்கொண்டு, செங்கல் செங்கலாகப் பெயர்த்தார். வழியே இல்லாத இடத்தில் வழி போடுகிற வேலைதான், இளவயதில் அவர் செய்தது.

இரண்டு நாள் கிடைக்கவில்லை. அடுத்த நாள் மத்தியானமே லோரி வந்துவிட்டது. அண்ணன் முனிசிபல் வேலைக்குப் போயிருந்த நேரம்.

சிப்பாய் பார்த்தது காதில் விழுந்திருந்தும், எல்லோரும் பழக்கத்தில் தகரத்தைப் பார்த்து ஓடினார்கள். நான் அர்ஜுனனின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அந்தப் பக்கம் வேணாம். அவனுக்குத் தெரிஞ்சிருச்சு."

"பின்ன எந்தப் பக்கம் போறது, தனம்?"

மஹ்பூபாவின் வீட்டுக்குள் ஓடினோம். சுவரில் ஒரு கை நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அவர் தோளை வைத்து இடித்துப் பார்த்தார். அசையவில்லை. முன் வீட்டுக் கதவை உதைக்கிற சத்தம் கேட்டது. ஒருவேளை அவனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று அர்ஜுனன் சொன்னார். மஹ்பூபாவின் தம்பியும் அவரும் ஒன்றாகத்தான் தகரத்தை விலக்கிக்கொண்டு போனார்கள்.

அந்தப் பக்கம் ஒரு கூச்சல் இல்லை. துப்பாக்கிச் சத்தம் இல்லை. அதுதான் கொடுமை. ஒவ்வொருத்தனாக வெளியே வர வர, வாயைப் பொத்தி, சுவரோரமாக உட்கார வைத்திருக்கிறார்கள். சத்தம் இல்லாததால், முன்னே போனவன் தப்பித்துவிட்டான் என்று நினைத்துப் பின்னால் இருந்தவன் போனான். ஒன்பது பேர். ஒரு லோரிக்குப் பாதிகூட நிறையவில்லை. அர்ஜுனன் ஏறும்போது திரும்பிப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, என்னை அந்தப் பக்கம் விடவில்லை.

மறு வாரம் ஜப்பான்காரன் அய்யாக்கண்ணு அண்ணனைக் கொண்டே அந்தப் பாதையில் சுவர் எழுப்பினான். அந்தச் சுவர் ரொம்ப காலம் இருந்தது. வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் யாரும் இடிக்கவில்லை, படத்தில் அங்கே வழி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் செங்கல் அடுக்குவதைப் பெண்கள் எல்லோரும் பின்வாசலில் நின்று பார்த்தோம். கையில் பட்டை. ஒன்பது பேர் போய் இவர் மட்டும் நிற்கிறார். சாக்கடையை வெட்டியவரும் இவர்தான். யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மஹ்பூபா அவர் எதிரில் போய் நின்றாள்.

"ஒரு வருசம் நாறிக் கெடந்துச்சு, நீ கண்டுக்கல. திடீர்னு எதுக்கு அண்ணே வெட்டினே? யாரு வெட்டச் சொன்னது?"

நான் அவளுக்கு நான்கடி தள்ளி, இடுப்பில் மகளோடு நின்றிருந்தேன். அவர் கொத்துக் கரண்டியைத் துடைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. தண்ணி நின்னா என்னால பாக்க முடியாது. அவ்வளவுதான்."

மஹ்பூபா காறித் துப்பினாள். அவர் அப்போது எழுப்பிக்கொண்டிருந்த சுவரில் அது வழிந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும். மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு யாரும் அவரோடு பேசவில்லை. அவர் வாசலில் கிழங்குத் தோலைக் கொட்டினார்கள். அவர் தினமும் காலையில் அதைக் கூட்டி அள்ளிவிட்டு வேலைக்குப் போவார். எங்கள் பின்சந்தையும் சுவர் வரை கூட்டுவார். நான் இருட்டுவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இருந்தால் கொஞ்சம் கஞ்சி கொண்டுபோய் வைப்பேன். அண்ணே, நான் சொல்லிடுறேன் என்று ஒருநாள் ஆரம்பித்தேன். அவர் கையை ஆட்டி நிறுத்தினார். புருஷன் இல்லாமல், கைக்குழந்தையோடு, இந்தப் பெண்களுக்கு நடுவில் நான் இருந்தாக வேண்டும், தான் ஒண்டி ஆள், தனக்கு என்ன என்றார். அந்தப் பேச்சு எனக்கு வசதியாக இருந்தது. நானும் கேட்டுக்கொண்டேன்.

ஒன்றரை வருடத்துக்கு மேல் அப்படியே போனது. அவருக்குக் கால் வீங்கியது, பிறகு வயிறு வீங்கியது. அப்போது பாதி ஊருக்கு அந்த வீக்கம்தான். ஜப்பான்காரன் தோற்றான் என்று சேதி வருவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு காலையில் சந்து கூட்டாமல் கிடந்தது. போய்ப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடி செத்திருந்தார்.

தூக்குவதற்கு ஆள் இல்லை. எங்கள் வரிசையில் நடக்கிற ஆண் என்று மிச்சம் இருந்தது இரண்டு கிழவர்கள். காட்டிக் கொடுத்தவன் பிணத்தைத் தொடமாட்டோம் என்று அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள். முனிசிபல் குப்பை வண்டியில் போட்டுக்கொண்டு போகட்டும் என்று யாரோ சொன்னார்கள்.

நான் சந்தின் நடுவில் போய் நின்றேன். ஒவ்வொரு பின்கதவாகத் தட்டிப் பெண்களை வெளியே கூப்பிட்டேன். சாக்கடையை வெட்டச் சொன்னது நான்தான் என்றேன். அவர் மூன்று நாள் மாட்டேன் என்றதையும், நான் சாப்பாட்டு நேரத்தில் போய்ச் சொன்ன சொல்லையும், அப்படியே சொன்னேன். மூன்றாம் வீட்டுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒருத்தி அழுதாள். என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன், யாரும் அடிக்கவில்லை.

மஹ்பூபா தன் படியை விட்டு இறங்கி என் எதிரில் வந்தாள். பிறகு கேட்டாள்:

"அன்னைக்கு நான் துப்பினப்போ நீ பக்கத்துலதானே நின்னே?"

நின்றேன் என்றேன்.

நான் ஒரு கைவண்டியை இரவல் வாங்கி வந்து, பாயில் சுற்றி அவரை ஏற்றினேன். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. வழக்கம் பார்க்கிறவர்கள் எல்லோரையும் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களே. ஒரு பெண் வந்து ஒரு பக்கம் பிடித்தாள். இன்னொருத்தி வந்தாள். சந்து வாயில் தார்ப்பீப்பாயைத் தாண்டும்போது வண்டி சிக்கிக்கொண்டது. எங்கள் மூன்று பேர் பலம் போதவில்லை. பின்னாலிருந்து யாரோ தள்ளுவது தெரிந்தது. திரும்பினேன். முக்காட்டை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மஹ்பூபா நின்றாள்.

"நீ முன்னாடி பாத்து இழு. இந்த மனுசனுக்காகத்தான் வர்றேன். உன்கிட்ட நான் பேசமாட்டேன்."

பத்து லஞ்சாங் என்ற இடத்துச் சுடுகாட்டுக்குப் பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போக முடிந்தது. வழியில் இரண்டு இடத்தில் காவல். இரண்டு இடத்திலும் வண்டியை நிறுத்திவிட்டு நான்கு பேரும் இடுப்பை வளைத்தோம். சுடுகாட்டு வாசல் வரை மஹ்பூபா தள்ளினாள். அங்கே கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். சயாமிலிருந்து அவள் தம்பியும் திரும்பி வரவில்லை, அர்ஜுனனும் வரவில்லை. அதன் பிறகும் பதினொரு வருடம் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தோம். சொன்ன மாதிரியே அவள் என்னிடம் பேசவில்லை. அதற்கு நான் அவள்மேல் குறை சொல்லமாட்டேன். அய்யாக்கண்ணு அண்ணனைப் பற்றி யாராவது தவறாகப் பேசினால் மட்டும், அவள் தன் வாசலிலிருந்து என் பெயரைச் சொல்லி, போய் அவளைக் கேளு என்பாள். அவர்கள் வந்து கேட்பார்கள். நான் சொல்லுவேன்.